ஆவியின் வரங்கள்

திருச்சபையின் பக்திவிருத்திக்காகப் பரிசுத்த ஆவியானவர் விசுவாசிகளுக்குத் தம் சித்தப்படி பகிர்ந்தளிப்பதாகக் கிறிஸ்தவர் கொள்ளும் ஆற்றல்கள் இவை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் ஞானம், குணமாக்குதல், தீர்க்கதரிசனம், பற்பல பாஷைகள் உள்ளிட்ட ஒன்பது வரங்களைக் கூறும் பவுல், ரோமருக்கு எழுதுகையில் போதித்தல், ஈதல், இரங்குதல் ஆகியவற்றையும் வரங்களாகவே கொள்வது, ஆரவாரமற்ற பணிகளும் தெய்வ அனுக்கிரகமே என்பதை உணர்த்துகிறது.

தமிழ்நாட்டில் இவ்வரங்கள் திரளான மக்களிடையே வெளிப்பட்டதாகப் பதிவான நிகழ்ச்சிகளுள் தலையாயது 1860ஆம் ஆண்டுத் திருநெல்வேலி எழுப்புதலாகும். மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் பயின்று, மற்றொரு மிஷனரியான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் போதனையால் மிஷன் சம்பளத்தை நாடாது ஊழியம் புரியத் துணிந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) இதில் முதன்மைப் பங்கு வகித்தார். அவர் 1840இல் நிறுவிய கிறிஸ்தியான்பேட்டையிலும் சுற்றுக் கிராமங்களிலும், ஆண்களும் பெண்களும் பாவ உணர்வு மேலிட்டுத் தம்மைத்தாமே அடித்துக்கொண்டு தரையில் விழுந்து அழுததையும், தரிசனம் கண்டதையும், அந்நிய பாஷை பேசியதையும் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அந்நாட்குறிப்புகளைக் கொண்டு ஜி. எச். லாங் எழுதிய அவரது வரலாறு 1939இல் வெளிவந்தது. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகப் பலர் கருதும் அமெரிக்காவின் அசுசா தெரு எழுப்புதலுக்கு (1906) இத்திருநெல்வேலி எழுப்புதல் 46 ஆண்டுகள் முந்தியது. பெந்தெகொஸ்தே சரித்திரத்தை மேனாட்டிலிருந்தே தொடங்குவோர் இதனை மறப்பது நியாயமன்று.

வரங்களைப் பிரயோகிக்கும் நெறியைப் பவுலே வகுத்தார்: பாஷை பேசுவோர் இருவர், மிஞ்சினால் மூவர், முறையே பேசவேண்டும், அர்த்தம் சொல்பவர் இல்லையேல் சபையில் மௌனம் காக்கவேண்டும், தீர்க்கதரிசனத்தை மற்றவர் நிதானித்து அறியவேண்டும்.