நண்பகலில் விழுந்த குண்டு

1972 அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவை வரைபடத்தில் பார்த்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும். 50 மாநிலங்களில் 49 ரிச்சர்ட் நிக்சனுக்கு. ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மெக்கவர்னுக்குக் கிடைத்தது மாசசூசெட்ஸும் தலைநகர் வாஷிங்டனும் மட்டுமே. சொந்த மாநிலமான தெற்கு டகோட்டாவிலேயே மனுஷன் தோற்றுப்போனார்.

தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. வியட்நாம் போரை நிறுத்தச் சொன்னதால் அவரைத் துணிச்சலில்லாதவர் என்று காட்ட முடிந்தது அதில் ஒன்று. ஆனால் இரண்டாம் உலகப்போரில் நிக்சன் கடற்படையில் சரக்குப் போக்குவரத்தைக் கவனித்த அதிகாரி. மெக்கவர்னோ பி-24 குண்டுவீச்சு விமானத்தின் பைலட்.

நான்கு என்ஜின், பத்துப் பேர் கொண்ட குழு, உள்ளே உறையவைக்கும் குளிர். இத்தாலியின் செரிஞோலாவிலிருந்து 35 முறை பறந்தபோது அவருக்கு வயது 22. விமானத்துக்கு மனைவி எலினாரை நினைத்து ‘டகோட்டா குயின்’ என்று பெயர் வைத்திருந்தார். ஒருமுறை என்ஜின்கள் பழுதாகி, ஏட்ரியாட்டிக் கடலில் விஸ் என்ற தீவின் குட்டி ஓடுதளத்தில் இறக்கினார். சின்னப் போர் விமானங்களுக்கான ஓடுதளம் அது. குழு பிழைத்தது, அவருக்குப் பதக்கம் கிடைத்தது.

இன்றைய அரசியல்வாதி யாராக இருந்தாலும் இந்த ஒரு சம்பவத்தை வைத்தே மூன்று தேர்தலை ஓட்டியிருப்பார். மெக்கவர்ன் அதைப் பெரிதாகப் பேசவே இல்லை. ஏன் என்று யோசிக்கும்போது நான் வேறொரு சம்பவத்திடம் போய் நிற்கிறேன்.

1945 மார்ச். விமானத்தில் ஒரு குண்டு சிக்கிக்கொண்டது. அதோடு தரையிறங்கவும் முடியாது. ஆஸ்திரியாவின் மேல் பறக்கையில் குழுவினர் எப்படியோ அதை விடுவித்தார்கள். அது நேராக ஒரு பண்ணை வீட்டில் விழுந்தது. நேரம் நண்பகல். விவசாய மாநிலத்தில் வளர்ந்தவருக்கு, அந்நேரம் குடும்பமே சாப்பிட வீட்டுக்குள் வந்திருக்கும் என்று தெரியும். முகாமுக்குத் திரும்பினால் தந்தி காத்திருக்கிறது: முதல் குழந்தை பிறந்துவிட்டது.

அலுவலகத் திரையில் மனிதர்களை எண்ணிக்கையாகவே பார்த்துப் பழகியவன் நான். மேலிருந்து பார்த்தால் எல்லாமே புள்ளிதான். அவருக்கு அந்த ஒரு புள்ளி மட்டும் வீடாகத் தெரிந்துவிட்டது.

போருக்குப் பிறகு வரலாற்றில் முனைவர் பட்டம், கல்லூரி வேலை, 1956இல் காங்கிரஸுக்குத் தேர்வு. 1961இல் கென்னடி அவரிடம் ‘அமைதிக்கான உணவு’ திட்டத்தை ஒப்படைத்தார். அறுபதுகளில் நம்மூர் ரேஷன் கடைக்கு வந்த அமெரிக்கக் கோதுமை இந்த ஏற்பாட்டின் வழியாக வந்ததுதான். அமெரிக்காவின் உபரி தானியத்துக்குச் சந்தை தேடும் கணக்கும் அதில் இருந்தது. ஆனால் இத்தாலியில் பார்த்த பசித்த குழந்தைகளை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

1970 செப்டம்பரில், வியட்நாமிலிருந்து படைகளைத் திரும்பப்பெறும் தன் தீர்மானத்தின் மீது செனட்டில் பேசினார். இறந்த இளைஞர்களுக்கு இந்த அவையில் இருக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு, இங்கே ரத்த வாடை அடிக்கிறது என்றார். சபை உறைந்தது. தீர்மானம் 55க்கு 39 என்று தோற்றது.

அவர் எல்லாப் போரையும் எதிர்த்தவர் அல்ல. ஹிட்லரை எதிர்த்துப் பறந்தது சரி என்றே இறுதிவரை நம்பினார். சரியான போரிலும் அந்தப் பண்ணை வீடு இருக்கும் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. மேடையில் இதைச் சொல்லி ஓட்டு வாங்குவது கஷ்டம். பதக்கத்தைக் காட்டினால் வீட்டையும் காட்ட வேண்டியிருக்கும்.

1980களில் ஆஸ்திரியத் தொலைக்காட்சியில் அந்தக் குண்டைப் பற்றிப் பேசினார். ஒரு முதிய விவசாயி நிலையத்துக்கு போன் செய்தார். அது என் வீடுதான், விமானத்தைப் பார்த்ததும் குடும்பத்தோடு பள்ளத்தில் பதுங்கிவிட்டோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார். போர் ஒரு நிமிடம் முன்னால் முடிய அது உதவியிருந்தாலும் எங்களுக்குச் சம்மதமே என்றும் சொன்னார். நாற்பது வருடப் பாரம் இறங்கியது.

படிக்கும்போது எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் போன் செய்ய முடிந்தது அவர் பிழைத்ததால்தான். மற்ற 34 பயணங்களில் விழுந்த குண்டுகளைப் பற்றி யாரும் போன் செய்யவில்லை. மெக்கவர்னுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.