உத்திரமேரூர்

உத்திரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள சிறிய ஊர். வட்டத் தலைநகராகவும் பேரூராட்சியாகவும் விளங்குகிறது. காஞ்சிபுரத்திலிருந்து ஏறக்குறைய 30 கி.மீ., சென்னையிலிருந்து ஏறக்குறைய 90 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது. ஊருக்குள் ரயில் பாதை இல்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வந்தவாசி, மதுராந்தகம் ஆகிய ஊர்களோடு சாலைகள் இணைக்கின்றன. கல்வெட்டுகளில் இவ்வூரின் பெயர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். தொண்டைமண்டலத்துக் காலியூர்க் கோட்டத்தில் இது தனிக்கூறாக இருந்தது.

நிலம் பெரும்பாலும் சமவெளி. ஆங்காங்கே கருங்கல் குன்றுகள் தலைகாட்டுகின்றன. அடியில் கடினப் பாறை இருப்பதால் ஆழத்தில் நிறைய நீர் தேங்குவதில்லை. மேலே விழும் மழையைத் தேக்கித்தான் வேளாண்மை. வடக்கே பாலாறும் செய்யாறும் ஓடுகின்றன. இவ்விரண்டோடு வேகவதியும் கூடும் திருமுக்கூடல் ஊருக்கு வடகிழக்கில் உள்ளது. ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பவை. ஆகவே இவ்வட்டாரத்தின் உண்மையான நீர்நிலை ஏரிதான்.

ஆண்டு மழை சராசரியாக 1,100 மி.மீ.க்கு மேல். ஆடி, ஆவணியில் மாலை நேர இடிமழையாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஓரளவு தருகிறது. பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகவும் வங்கக் கடல் புயல்களாலும் சில நாள்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். தை, மாசியில் விடியற்காலைப் பனி. கத்திரி வெயிலில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தொடும். சில வாரம் பெய்யும் மழையை ஆண்டு முழுதும் நீட்டிக்க வேண்டியிருப்பதால் இந்நாட்டார் சரிவு கண்ட இடமெல்லாம் கரை எழுப்பினர். ஓர் ஏரியின் கலங்கலில் வழிவது அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும். நெல் இங்கே சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்களில் விளைகிறது; எந்தப் பட்டம் கைகூடும் என்பதை ஏரியில் நிற்கும் நீரின் மட்டமே முடிவுசெய்கிறது. ஊருக்குத் தென்கிழக்கே உள்ள வேடந்தாங்கலுக்குக் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் வருவதற்கும் இந்த ஏரிச் சங்கிலியே காரணம்.

பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டின் நடுவில், வேதம் வல்ல அந்தணர்களுக்குப் பிரமதேயமாக இவ்வூர் அளிக்கப்பட்டது. அடுத்து வந்த தந்திவர்மனின் பட்டப்பெயர் வயிரமேகன். ஊரின் பெரிய ஏரி அப்பெயரால் வயிரமேகத் தடாகம் என்று அழைக்கப்பட்டது. அதைத் தூர்வாரவும் கரையை வலுப்படுத்தவும் நெல்லும் பொன்னும் கொடையாக வந்தன. ஏரியைத் தோண்டுவது ஒருமுறை வேலை. வண்டலை எடுப்பது ஆண்டுதோறும் வேலை. முதலைச் செலவழிக்காமல் பலிசையை (வட்டியை)க் கொண்டு பணி நடத்த ஒரு நிலையான அமைப்பு தேவைப்பட்டது. ஊர் அந்தணர்களின் அவையான மகாசபையே அந்த அமைப்பு.

சபையின் பெருமை சோழர் காலத்தில் கல்லில் ஏறியது. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) இரு தீர்மானங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை அவை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாக (வட்டாரங்களாக)ப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, குடத்தில் இட்டனர். முதியோரும் இளையோரும் கூடியிருக்க, ஒரு பெரியவர் குடத்தைத் தூக்கி அனைவருக்கும் காட்டுவார். விவரம் அறியாத ஒரு சிறுவன் பகலிலேயே ஒரு கட்டை எடுப்பான். அதிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அவற்றுள் ஒன்றை அவனே எடுத்து மத்தியஸ்தனிடம் தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கிப் படிக்க வேண்டும்; பிறகு கோயில் நம்பிமாரும் படிக்க வேண்டும். ஓலை கைமாறும் நொடியில் நிகழக்கூடிய தில்லுமுல்லுவைக்கூட எண்ணி எழுதப்பட்ட விதி இது.

குடும்புக்கு ஒருவராக இப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் மீண்டும் குடவோலை. பதவிக்காலம் 360 நாள். தகுதிகள்: வரி செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. கல்வி மிகுந்தவருக்கு அரைக்கால்வேலி போதும். முந்தைய மூன்றாண்டுகளில் பதவி வகித்தவர் கூடாது. கணக்குக் காட்டாமல் விட்டவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. வயது வரம்பு முதல் தீர்மானத்தில் 30 முதல் 60. இரண்டாவதில் 35 முதல் 70. இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தி, திருத்தத்தையும் கல்லில் வெட்டிவைத்த செயல், விதிகளைவிட ஒருபடி மேலான சான்று.

குடவோலை முறையைப் பலரும் தேர்தல் என்பர். சரியாகச் சொன்னால் அது குலுக்கல். வாக்களித்தவர் யாருமில்லை. பெண்களும் நிலமற்றோரும் பிற சாதியினரும் சபையில் இடம்பெறவில்லை. பிரமதேயமல்லாத ஊர்களில் ‘ஊர்’ என்னும் வேறு அவை இயங்கியது. இந்த எல்லைகளை மறைப்பது கல்வெட்டுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கணக்கும் காலவரம்பும் பற்றிய அதன் கண்டிப்பு அந்த எல்லைகளுக்குள்ளும் வியப்புக்குரியதே.

949இல் தக்கோலப் போரில் சோழர் தோற்றபின் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் ஆட்சி இப்பகுதியில் பரவியது. கன்னரதேவன் என்னும் அவனது பெயரிலும் பார்த்திவேந்திரவர்மன் பெயரிலும் இங்கே கல்வெட்டுகள் உள்ளன. அரசுகள் மாறியும் சபை தொடர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் தெலுங்குச் சோழன் விசய கண்டகோபாலன் காலத்தில் ஊர் கண்டகோபாலச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் மாறியது. விசயநகர மன்னர் கிருட்டிணதேவராயரும் இங்குள்ள கோயில்களுக்குக் கொடை அளித்துள்ளார். கோயில்களுள் சுந்தர வரதராசப் பெருமாள் கோயில் கட்டடக் கலையில் தனிச்சிறப்புடையது: மூன்று நிலைகளில் நின்ற, இருந்த, கிடந்த கோலங்களில் திருமால் காட்சி தருகிறார்.

1763இல் ஆர்க்காட்டு நவாபு செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகத் தந்தபோது உத்திரமேரூரும் அதில் அடங்கியது. ஆங்கிலப் பதிவுகளில் ஊர் ‘உத்தரமல்லூர்’ ஆயிற்று. பராந்தகன் கல்வெட்டுகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கப்பட்டன. 1932இல் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி சோழர் ஆட்சிமுறை பற்றிய தம் நூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் எழுதிய தனிநூல் 1970இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஊராட்சிகளைப் பற்றிய விவாதத்தின்போது உறுப்பினர் டி. பிரகாசம் இக்கல்வெட்டை எடுத்துக்காட்டினார்.

2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது உத்திரமேரூர் வட்டம் காஞ்சிபுரத்தோடே நின்றது. வட்டாரத்தின் முதன்மைத் தொழில் இன்றும் நெல் வேளாண்மையே. குன்றுகளைக் கல்குவாரிகள் வேகமாகக் கரைத்துவருவது கவலைக்குரியது. செய்யாற்றில் அனுமந்தண்டலம் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக ஊரின் பெரிய ஏரிக்கு இன்றும் நீர் வருகிறது. மதகு திறக்கப்படும்போது ஆயக்கட்டுக் கிராமங்களில் நாற்றங்கால் வேலை தொடங்கும்.