விளம்பரம் மரபான கதை: மிதிவண்டிப் பந்தயச் சட்டையின் நூறாண்டு

பழைய மிதிவண்டிப் பந்தயச் சட்டைகளின் சாயலில் தைக்கப்பட்ட ஆடைகள் இன்று உயர்விலைக் கடைகளில் மரபின் அடையாளமாக விற்கப்படுகின்றன. வணிகம் தீண்டாத ஒரு பொற்காலத்தின் எச்சமாக அவற்றைக் கருதுவோர் உளர். வரலாறு அக்கருத்துக்கு இடம் தருவதில்லை.

1903-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியது 'லோத்தோ' என்னும் விளையாட்டு நாளேடு. ஏட்டின் விற்பனையைப் பெருக்குவதே நோக்கம். 1919-இல் முன்னணியில் இருப்பவருக்கென மஞ்சள் சட்டை அறிமுகமாயிற்று. அதை முதலில் அணிந்தவர் யூஜின் கிறிஸ்தோஃப். அந்நாளேடு அச்சான தாளும் மஞ்சள் நிறமே. இத்தாலியில் 'லா கஸெட்டா டெல்லோ ஸ்போர்ட்' ஏட்டின் இளஞ்சிவப்பு நிறம், 1931 முதல் ஜீரோ டி இத்தாலியா பந்தயத்தின் முன்னணி வீரரது சட்டைக்கு நிறமாயிற்று.

மிதிவண்டி உற்பத்தியாளர்களே அந்நாளில் அணிகளைப் பேணினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர்களது வணிகம் சரியவே, வீரர்களின் ஊதியமும் ஆட்டம் கண்டது. 1954-இல் இத்தாலிய வீரர் ஃபியோரென்சோ மாக்னி, நிவியா என்னும் சருமப்பூச்சு நிறுவனத்தை அணியின் புரவலராகக் கொண்டுவந்தார். பிரான்சில் ரஃபாயேல் ஜெமினியானி, 'சான் ரஃபாயேல்' என்னும் மதுவகையின் பெயரில் அணி அமைத்தார். மிதிவண்டிக்குத் தொடர்பற்ற பெயர்கள் சட்டையில் ஏறுவதை அமைப்பாளர்கள் பலர் விரும்பவில்லை. ஆயினும் அப்பெயர்களே பல வீரர்களின் பிழைப்பைக் காத்தன.

நவநாகரிக உலகும் பந்தயமும் நெருங்கியது பின்னர். ஓவியர் மோந்திரியானின் வண்ணக் கட்டங்களை 1965-இல் இவ் சான் லோரான் மகளிர் உடையாக்கினார். இருபதாண்டு கழித்து அதே கட்டங்கள் 'லா வி க்ளேர்' அணியின் சட்டையில் தோன்றின. 1985-இல் பெர்னார் இனோ அவ்வணிக்காகத் தமது ஐந்தாவது டூர் வெற்றியைப் பெற்றார்.

ராலே மிதிவண்டிகளின் பிறப்பிடமான நாட்டிங்ஹாமில் 1970-இல் முதல் கடையைத் திறந்தவர் பால் ஸ்மித். பந்தய வீரராகும் கனவு பதினேழாம் வயதில் நேர்ந்த விபத்தால் கலைந்த பிறகே ஆடை வடிவமைப்பு அவரது வழியாயிற்று. 2013-இல் ஜீரோ பந்தயத்தின் இளஞ்சிவப்புச் சட்டையை வடிவமைத்தவர் அவரே. அதற்கு முன்பே, 2004-இல் இலண்டனில் தோன்றிய 'ரஃபா' நிறுவனம் சான் ரஃபாயேல் அணியின் நினைவாகப் பெயர் சூடியிருந்தது. பால் ஸ்மித்துடன் கூட்டு வெளியீடுகளும் செய்தது. மதுவை விற்க வைத்த பெயர், அரை நூற்றாண்டுக்குள் ஆடையை விற்கும் மரபாகிவிட்டது.

இம்மாற்றத்தில் கவனிக்க வேண்டியது பணம் செல்லும் திசை. அன்று பெயரைச் சுமந்தவனுக்கு நிறுவனம் கூலி கொடுத்தது. இன்று பெயரைச் சுமப்பவரே நிறுவனத்துக்கு விலை கொடுக்கிறார். வியர்வையில் நனைந்த கம்பளிச் சட்டைக்கு மதிப்பை ஈட்டித் தந்த வீரர்கள் அக்கணக்கில் இடம்பெறுவது அரிது.

பழமை மீதான பற்று வேறு வழியிலும் பயன்படக்கூடும். 1997-இல் இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில், கயோலே இன் கியாந்தி என்னும் சிற்றூரில் 92 பேருடன் 'லெரோய்கா' தொடங்கிற்று. 1987-க்கு முன் செய்யப்பட்ட பந்தய மிதிவண்டிகளும் கம்பளிச் சட்டைகளும் அதன் அடையாளம். தாருக்கு இரையாகிக்கொண்டிருந்த வெண்ணிறச் சரளைச் சாலைகளைக் காப்பது அதன் நோக்கம். அங்கே பழைய சட்டைக்கு இன்றும் ஒரு வேலை உண்டு.