முதுகு வலியும் இடைத்தட்டுச் சிகிச்சையும்

முதுகு வலி என்று மருத்துவரை நாடிச் செல்லும் ஒருவர் இந்நாளில் பெரும்பாலும் கையில் ஒரு படத்தோடுதான் வீடு திரும்புகிறார். "ஜவ்வு தேய்ந்திருக்கிறது", "டிஸ்க் பிதுங்கியிருக்கிறது" என்னும் சொற்கள் அப்படத்தோடு சேர்ந்து வருகின்றன. அண்மைக் காலமாக மற்றொரு செய்தியும் உடன்வரத் தொடங்கியிருக்கிறது. தேய்ந்த தட்டை மீண்டும் வளரச் செய்யலாம். நோயாளியின் இரத்தத்திலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ எடுத்த பொருளை ஊசி வழியே தட்டினுள் செலுத்தினால் போதும் என்பதே அச்செய்தி. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் பிழைப்பை முன்னிட்டுக் குடியேறி, நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்தோ சுமை தூக்கியோ உழைக்கும் நேயர்கள் பலருக்கு, இது நமக்கு ஏற்குமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. இதற்கு விடை காண, இடைத்தட்டைச் சீர்செய்ய மருத்துவர்கள் தொண்ணூறு ஆண்டுகளாக மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறு பெரிதும் உதவும்.

முதலில் இடைத்தட்டு என்பது யாது? நம் முதுகெலும்பு ஒரே எலும்பன்று. பல முள்ளெலும்புகள் அடுக்கப்பெற்ற தூண். அவற்றின் இடையே மெத்தை போல 23 தட்டுகள் அமைந்துள்ளன. தட்டின் வெளிப்புறம் நார்களாலான உறுதியான வளையம்; உட்புறம் நீர் நிறைந்த கூழ். குழந்தைப் பருவத்தில் இத்தட்டினுள் சிறு இரத்தக் குழாய்கள் உண்டு. வளர வளர அவை மறைந்துபோகின்றன. வளர்ந்த மனிதனின் உடலில் இரத்தக் குழாய் நுழையாத பகுதிகளுள் இதுவே மிகப் பெரியது. மேலும் கீழும் உள்ள எலும்பின் ஓரத்திலிருந்து கசிந்து வரும் ஊட்டத்தைக் கொண்டே இதன் உள்ளிருக்கும் சொற்ப உயிரணுக்கள் காலம் தள்ளுகின்றன. இவ்வறுமையை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். பின்னர் இது பயன்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே ஜெர்மானிய அறிஞர்களான வீர்க்கோவும் லுஷ்காவும் பிணப் பரிசோதனையில் தட்டு பிதுங்கியிருப்பதைக் கண்டு குறித்தனர். பின்னர் டிரெஸ்டன் நகரில் ஷ்மோர்ல் என்பவர் ஆயிரக்கணக்கான முதுகெலும்புகளை ஆராய்ந்தார். ஆயினும் உயிரோடிருப்பவரின் வலிக்கும் இதற்கும் தொடர்புண்டு என்று எவரும் உறுதியாகக் கூறவில்லை. தண்டுவடத்தை அழுத்தும் சிறு கட்டிகளை அறுத்தெடுத்த மருத்துவர்கள், அவற்றைக் குருத்தெலும்புக் கட்டி என்றே பெயரிட்டுப் புட்டியில் இட்டு வைத்தனர்.

அப்புட்டிகளை மீண்டும் திறந்து பார்த்தவர்கள் பாஸ்டன் நகரத்து மாஸசூஸெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்னும் இருவர். ஒருவர் நரம்பு அறுவை மருத்துவர். மற்றவர் எலும்பு மருத்துவர். கட்டி என்று எண்ணப்பட்டவற்றுள் பெரும்பாலானவை கட்டிகளே அல்ல, கிழிந்து வெளிவந்த இடைத்தட்டின் துண்டுகளே என்பதை அவர்கள் கண்டனர். 1934-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர்களது கட்டுரை வெளியாயிற்று. இடுப்பிலிருந்து பிட்டம் வழியாகக் கால்விரல் வரை இறங்கும் வலிக்கு, நரம்பை அழுத்தும் தட்டுத் துண்டு காரணமாகலாம். அதை அகற்றினால் வலி நீங்கலாம் என்பது அதன் சாரம். மருத்துவ வரலாற்றில் இது மெய்யாகவே ஒரு திருப்பம்.

ஆனால் மிக்ஸ்டரும் பாரும் பேசியது நரம்பு நசுங்கிக் காலுக்கு இறங்கும் வலியைப் பற்றி. அக்கண்டுபிடிப்பின் ஒளியில் மயங்கிய பின்வந்தோர், முதுகிலேயே தங்கி நிற்கும் வலிக்கும் தட்டுத்தான் காரணம் என்று விரித்துவிட்டனர். இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் குற்றவாளி கையுங் களவுமாகப் பிடிபடுகிறான். பின்னதில் தசை, மூட்டு, தட்டு, மனச்சோர்வு, உறக்கக் குறைவு எனப் பலர் ஒரே அறையில் நிற்கின்றனர். கால் வலியிலுங்கூட அவசரம் தேவையில்லை என்பது பின்னர் தெரிந்தது. நார்வே நாட்டு வெபர் 1983-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அறுவைச் சிகிச்சை பெற்றோர் ஓராண்டு முடிவில் மற்றவரினும் நலமாக இருந்தனர். நான்காண்டுகளில் அவ்வேறுபாடு பெரிதும் மறைந்துவிட்டது. பிதுங்கிய துண்டுகள் பல தாமாகவே சுருங்கிவிடுகின்றன என்பதைப் பிற்காலத்துப் படங்களும் காட்டின.

அடுத்த அத்தியாயம் சுவையானது. இறைச்சியோடு பப்பாளிக்காயைச் சேர்த்தால் அது விரைவில் பதமாகும் என்பது நம் சமையற்கட்டுகள் அறிந்த செய்தி. அக்காயின் பாலிலுள்ள பப்பைன் என்னும் பொருளை லூயிஸ் தாமஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் முயலின் இரத்தத்தில் செலுத்தினார். நிமிர்ந்திருந்த காதுகள் சில மணி நேரத்தில் தொய்ந்து விழுந்தன. சில நாட்களில் மறுபடி நிமிர்ந்தன. 1956-இல் வெளிவந்த இச்செய்தி லைமன் ஸ்மித் என்னும் எலும்பு மருத்துவரைச் சிந்திக்க வைத்தது. காதின் குருத்தெலும்பைத் தளர்த்தும் பொருள் பிதுங்கிய தட்டையும் கரைக்காதா? பப்பாளிப் பாலிலிருந்தே பெறப்பட்ட கைமோபப்பைன் என்னும் மருந்தை 1963-இல் அவர் மனிதரின் தட்டினுள் செலுத்தினார். கத்தியின்றி ஊசியால் தீரும் நோய் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? மருந்து பரவியது. பின்னர், எந்த ஊசியில் மருந்து, எதில் போலி என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாதவாறு நடத்திய சோதனையில் இரண்டிற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படாமையால், 1975-இல் அமெரிக்க அரசின் அனுமதிக்கான முயற்சி நின்றது. மேலும் சோதனைகள் நிகழ்ந்தன. காலுக்கு வலி இறங்குவோரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் பயனுண்டு என்று தெரிந்து, 1982-இல் அனுமதி கிடைத்தது. ஆயினும் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையும், அரிதாகத் தண்டுவடச் சேதமும் நேர்ந்தன. 2003-இல் அம்மருந்தின் விற்பனை நின்றுபோயிற்று. தகுந்தவரிடம் ஓரளவு பயன் தந்த மருந்து என்றே இதனை நான் மதிப்பிடுவேன். தகுந்தவர் யார் என்று தெளிவதற்கு முன்பே அது ஊரெல்லாம் சென்றதுதான் கேடு.

உலோகத்தை நம்பியவர்களும் உண்டு. சுவீடன் நாட்டு ஃபெர்ன்ஸ்ட்ராம் தட்டின் இடத்தில் எஃகுக் குண்டுகளை வைத்தார். அவை எலும்பினுள் அமிழ்ந்தன. பெர்லினில் உருவாகி 1984-இல் முதன்முதல் பொருத்தப்பட்ட செயற்கைத் தட்டின் வடிவமைப்பாளருள் ஒருவர் கரின் பூட்னர்-யான்ஸ் என்னும் அம்மையார். 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் உடற்பயிற்சிப் போட்டிகளில் இரு தங்கப் பதக்கங்கள் பெற்ற வீராங்கனை இவரே! முள்ளெலும்புகளைப் பிணைக்கும் அறுவைச் சிகிச்சையோ 1911-இல் நியூயார்க்கில் முதுகெலும்புக் காசநோய்க்காகத் தோன்றியது; பிற்காலத்தில் சாதாரண முதுகு வலிக்கும் அது கையாளப்பட்டது. 2003-இல் வெளிவந்த நார்வே ஆராய்ச்சியொன்று, பிணைப்புச் சிகிச்சை பெற்றோரும், அச்சம் தெளிவித்து முறையான உடற்பயிற்சி தரப்பெற்றோரும் ஓராண்டில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்ததைக் காட்டியது. தட்டினுள் கம்பியைச் செலுத்திச் சூடேற்றும் முறையும் சில காலம் புகழ் பெற்று, 2005-இல் வெளிவந்த ஆஸ்திரேலியச் சோதனைக்குப் பின் மங்கியது.

இத்தனை முயற்சிகளுக்கும் தூண்டுகோல் எது? படமே. எம்.ஆர்.ஐ. கருவி வந்தபின் உடலைத் திறவாமலே தட்டைக் காண முடிந்தது. ஆனால் வலியே இல்லாதவரைப் படமெடுத்தால் என்ன தெரியும்? 1994-இல் அமெரிக்காவில் அத்தகைய 98 பேரைப் பரிசோதித்தார்கள். எல்லாத் தட்டுகளும் இயல்பாக இருந்தவர் 36 விழுக்காட்டினரே! பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதேனும் ஒரு தட்டாவது புடைத்திருந்தது. இவ்வகை ஆராய்ச்சிகள் பலவற்றை 2015-இல் தொகுத்துப் பார்த்தபோது, வலியற்ற இருபது வயதினருள் 37 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதினருள் 96 விழுக்காட்டினருக்கும் தட்டுத் தேய்மானம் இருந்தது புலனாயிற்று. தேய்மானம் பெரும்பாலும் நரை போன்றது. நரைத்த தலையில் வலி வந்தால் நரையைக் குற்றம் சாட்டுவாருண்டோ?

இப்போது புதிய சிகிச்சைக்கு வருவோம். இதில் இரு வகை முக்கியம். இரத்தத்திலிருந்து பிளேட்லெட் என்னும் தட்டணுக்களைச் செறிவாகப் பிரித்துச் செலுத்துவது ஒன்று. ஸ்டெம் செல் எனப்படும் மூல உயிரணுக்களைச் செலுத்துவது மற்றொன்று. ஸ்பெயின் நாட்டில் 10 நோயாளிகளுக்கு அவரவர் மஜ்ஜை உயிரணுக்களையே செலுத்திப் பெற்ற நல்ல முடிவு 2011-இல் வெளியானபோது உலகெங்கும் நம்பிக்கை எழுந்தது. ஆனால் அங்கே ஒப்பிட்டுப் பார்க்க மறு தரப்பு இல்லை. தட்டணு ஊசியைப் பற்றி 2016-இல் 47 பேரைக் கொண்டு வந்த அமெரிக்க ஆராய்ச்சி சாதகமாக இருந்தது. 2022-இல் வெளிவந்த 26 பேர் கொண்ட மற்றொரு சோதனையில் உப்புநீர் ஊசிக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. மூல உயிரணுக்களுக்கான பெருஞ்சோதனை 404 நோயாளிகளிடம் நிகழ்ந்தது. 2021-இல் அறிவிக்கப்பட்ட அதன் முடிவு, முன்கூட்டி வகுத்த முதன்மை இலக்கை எட்டவில்லை. வலி தொடங்கி அதிக ஆண்டுகள் ஆகாதவரிடம் ஓரளவு பயன் தென்பட்டமையால், அதைச் சரிபார்க்க வேறொரு சோதனை பின்னர் தொடங்கப்பட்டது. ஐரோப்பாவில் 114 பேரிடம் நடந்த சோதனையும் பெருந்தீங்கு காணவில்லை. வலி நீங்கும் என்பதையும் நிறுவவில்லை.

முன்னே குறிப்பிட்ட வறுமையை இங்கே நினைவுகூர்க. இரத்தமில்லாத, ஊட்டம் கசிந்து மட்டுமே வரும் இடத்தில், இருக்கும் உயிரணுக்களே பட்டினியில் மெலிந்து குறைகின்றன. அங்கே இலட்சக்கணக்கான புதிய உயிரணுக்களைக் கொண்டுபோய் இறக்கினால், பஞ்சம் பட்ட ஊருக்கு மேலும் விருந்தினரை அனுப்பிய கதையாகலாம் என்று அஞ்சும் ஆராய்ச்சியாளர் உண்டு. ஊசியும் முற்றிலும் குற்றமற்றதன்று. நோயறிவதற்காக ஒரு காலத்தில் தட்டினுள் ஊசி செலுத்தப் பெற்றவர்களைப் பத்தாண்டு கழித்து ஆராய்ந்தபோது, குத்தப்பட்ட தட்டுகள் மற்றவற்றினும் மிகுதியாகத் தேய்ந்திருந்ததை 2009-இல் காரகி என்பவர் வெளிப்படுத்தினார்.

ஆகவே, பல மாதங்களாக முதுகு வலியால் வருந்தும் சாதாரண நோயாளிக்கு இச்சிகிச்சை இன்றைய நிலையில் ஏற்றதன்று என்பதே என் துணிபு. பல தட்டுகள் தேய்ந்தவருக்கும், தட்டின் உயரமே வெகுவாகக் குன்றியவருக்கும், நரம்பு அழுத்தமே முதன்மை நோயாக உள்ளவருக்கும் இது பொருந்தாது. இப்பெருஞ்சோதனைகளே இத்தகையோரைப் பொதுவாக விலக்கித்தான் ஆட்களைச் சேர்த்தன. ஓரிரு தட்டுகளில் மிதமான தேய்மானம், முறையான உடற்பயிற்சியாலும் பிற சிகிச்சையாலும் தணியாத வலி என்னும் குறுகிய வகையினருக்கும், ஒழுங்காக நடைபெறும் சோதனையே தக்க இடம். உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் நாட்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட நெறிமுறை உடற்பயிற்சி, நோயைப் பற்றிய தெளிவுரை முதலியவற்றையே பரிந்துரைக்கிறது. விளம்பரத்திற்கு உகந்த சரக்கல்ல இவை என்பது உண்மைதான்.

வேற்று மாநிலத்தில் வாழ்வோருக்கு ஒரு தனிச் சங்கடமும் உண்டு. குடைச்சல், இழுப்பு, குத்தல், எரிச்சல், மரத்துப்போதல் என நம் மொழி வலியைப் பிரித்துரைக்கிறது. இந்தியிலோ மராத்தியிலோ சொல்லத் தெரியாமல் எல்லாவற்றையும் 'தர்த்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால், முதுகோடு நிற்கும் வலியையும் காலுக்கு மின்சாரம் போல் இறங்கும் வலியையும் மருத்துவர் எங்ஙனம் பிரித்தறிவார்? வலி ஓடும் வழியை விரலால் தொட்டுக் காட்டுங்கள். அம்மொழி அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், கால் வலுவிழத்தல், விடாக் காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை முதுகு வலியோடு சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் அரிதன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், சில இரத்த நோய்கள் முதலியவற்றுக்கான குறிப்பிட்ட பயன்பாடு நீங்கலாக, மூல உயிரணுக்களை அங்கீகரிக்கப்பட்ட சோதனைக்கு வெளியே சிகிச்சையாக வழங்குதல் கூடாது என்கின்றன. சோதனை எனில் அது 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும்; 2009 ஜூன் முதல் அப்பதிவு கட்டாயம். சோதனைக்கென்றே ஆகும் செலவை நோயாளியிடம் பெறலாகாது என்பதும் விதி. பெருந்தொகை கேட்கப்படும் இடத்தில், முன்பணம் கட்டுமுன் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிப் பதிவேட்டில் ஒப்புநோக்குங்கள். அதனை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.