லாரித் தார்ப்பாய் பழுதுபார்ப்பு

லாரித் தார்ப்பாய் பழுதுபார்ப்பு என்பது, லாரிகளில் ஏற்றப்படும் சரக்கை மழை, வெயில், தூசி ஆகியவற்றிலிருந்து காக்கும் மூடுபாயில் ஏற்படும் கிழிசல்களைத் தைத்தோ, ஒட்டியோ, வெப்பத்தால் உருக்கி இணைத்தோ சரிசெய்யும் வேலை ஆகும். பாய் எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பொறுத்தே பழுதுபார்க்கும் முறை அமையும். ஒரு வகைப் பாய்க்கு உகந்த முறை மற்றொரு வகைக்குப் பயன்படாமல் போவதுண்டு.

பெயர்

தார்பாலின் என்ற ஆங்கிலச் சொல்லின் முதற்பகுதி தாரைக் குறிப்பதாகக் கருதப்படுகிறது. முற்காலத்தில் மாலுமிகள் நீர் புகாமல் இருக்கத் துணியில் தார் பூசிப் பயன்படுத்தினர். தமிழில் இச்சொல் தார்ப்பாய் என்று வழங்குகிறது. பாய் என்பது விரிப்பையும் கப்பலின் பாயையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் ஆதலால், இவ்வடிவம் பொருளுக்கும் பொருந்தி வருகிறது. இன்றைய தார்ப்பாய்களில் தார் இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் இதன் தேவை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பூங்காக்கள் அமைந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இலும், பாரத்பென்ஸ் லாரிகளைத் தயாரிக்கும் டைம்லர் ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. இப்பகுதிக்கு வரும் சரக்குகளில் ஒரு பகுதி மூடிய பெட்டி வண்டிகளிலும் கொள்கலன்களிலும் வருகிறது. திறந்த லாரிகளில் வரும் சரக்குக்குத் தார்ப்பாயே கூரை.

நனைந்தால் கெடும் பொருட்கள் இங்கு மிகுதி. எஃகுச் சுருள்களின் அடுக்குகளுக்கிடையே புகும் நீர் எளிதில் உலராது, துரு உண்டாகும். துத்தநாகம் பூசிய தகடுகளில் வெள்ளைத் துரு படியும். அடுக்கப்பட்ட கண்ணாடித் தகடுகளுக்கிடையே நீர் தங்கினால், கண்ணாடியில் உள்ள சோடியம் கரைந்து நீர் காரத்தன்மை அடைந்து, துடைத்தாலும் நீங்காத கறையை ஏற்படுத்தும். ஆகவே விரலளவு கிழிசலும் பெரும் இழப்புக்குக் காரணமாகலாம். 1865ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007, வழியில் சரக்குக்கு நேரும் சேதத்துக்கு, சில விலக்குகள் நீங்கலாக, சரக்கேற்றிச் செல்பவரையே பொறுப்பாக்குகிறது.

ஸ்ரீபெரும்புதூரில் பெருமழை பெய்வது வடகிழக்குப் பருவக்காற்றுக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆகும். எனினும் இவ்வூர் வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 48, பெங்களூரு, பெலகாவி, கோலாப்பூர், புனே வழியாக மும்பைக்கும், அங்கிருந்து தில்லிக்கும் செல்கிறது. சூலை மாதத்தில் இங்கு வெயிலில் புறப்படும் லாரி, இரண்டொரு நாளில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய பகுதியில் தென்மேற்குப் பருவமழையைச் சந்திக்க நேரிடும். எனவே உள்ளூர் மழைக்காலத்தை மட்டும் வைத்துப் பாயைச் சோதிப்பது போதாது.

தார்ப்பாய் வகைகள்

1. பருத்திக் கித்தான்: தடித்த பருத்தித் துணியில் மெழுகு முதலியன ஏற்றி நீர் புகாமல் செய்யப்படுவது. இதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2089 ஆகும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்து இற்றுவிடும்.

2. உயர் அடர்த்தி பாலித்தீன் பாய்: இழுத்து நீட்டப்பட்ட பாலித்தீன் நாடாக்களால் நெய்து, இருபுறமும் மெல்லிய பாலித்தீன் படலம் ஏற்றப்படுவது. இதற்கான தரம் ஐ.எஸ். 7903 ஆகும். எடையும் விலையும் குறைவு. வெயிலில் நாளடைவில் நொறுங்கும்.

3. பிவிசி பூசிய பாலியெஸ்டர் பாய்: கனமானது, நீடித்து உழைப்பது.

பின்னிரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். கிழிந்த ஓரத்திலிருந்து சிறு துண்டை வெட்டி, காற்றுக் குமிழி ஒட்டாதவாறு நீரில் அமிழ்த்திப் பார்த்தால் வேறுபாடு தெரியும். பாலித்தீன் நீரைவிட அடர்த்தி குறைந்தது, மிதக்கும். பிவிசி மூழ்கும்.

கிழிவதற்கான காரணங்கள்

சரக்கின் கூர்முனைகளில் உராய்தல், தளர்வாகக் கட்டிய பாய் காற்றில் படபடத்தல், கயிற்றை மிகையாக இழுப்பதால் ஓர வளையம் பிய்தல், பள்ளத்தில் மழைநீர் தேங்கிப் பாரம் ஏறுதல் ஆகியன முதன்மைக் காரணங்கள். மின்கல அமிலம் பட்டால் பருத்தி விரைவில் சிதையும். காரணத்தை நீக்காமல் ஒட்டுப் போட்டால், ஒட்டின் அருகிலேயே மீண்டும் கிழியும். கூர்முனைகளின்மேல் சாக்கு அல்லது பழைய டயர்த் துண்டு வைத்துப் பாயை விரிப்பது இதைத் தடுக்கும்.

பழுதுபார்க்கும் முறைகள்

எல்லா வகைக்கும் பொதுவாக, ஒட்டுத்துண்டு கிழிசலைச் சுற்றிலும் ஏறத்தாழ 5 செ.மீ. கூடுதலாக இருத்தல் வேண்டும். ஒட்டப்படும் துண்டின் மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும். கூரான மூலையிலிருந்தே ஒட்டு உரியத் தொடங்கும்.

தைத்தல்: பருத்திக் கித்தானுக்கு உரியது. கிழிசலின் இரு ஓரங்களையும் முதலில் சேர்த்துத் தைத்து, பின்னர் ஒட்டுத்துண்டின் விளிம்பை உள்மடித்து, கோணி ஊசியால் இரு வரிசைத் தையல் இடப்படும். பருத்தி நூல் நனைந்ததும் பருத்து ஊசித்துளையை அடைக்கும். பாலியெஸ்டர் நூல் வலிமை மிக்கதாயினும் அவ்வாறு பருப்பதில்லை. தைத்தபின் அவ்விடத்தில் மெழுகு தேய்த்து இளஞ்சூட்டில் ஊறவிட வேண்டும்.

வெப்பத்தால் இணைத்தல்: பிவிசி பாய்க்கு மிகவும் ஏற்றது. பிவிசி பூச்சு இளகும் வெப்பநிலை, உள்ளிருக்கும் பாலியெஸ்டர் இழை உருகும் ஏறத்தாழ 255 பாகை செல்சியசைவிட மிகக் குறைவு. ஆகவே இழை கெடாமல் பூச்சை மட்டும் உருக்க முடியும். துடைத்து உலர்த்திய பரப்புகளுக்கிடையே வெப்பக்காற்றைச் செலுத்தி, உடனே உருளையால் அழுத்த வேண்டும். ஆறியபின் ஒட்டின் ஓரத்தை உரித்துப் பார்க்கையில், இணைப்பு பிரியாமல் பூச்சே இழையைவிட்டுக் கழன்று வந்தால் இணைப்பு நன்கு அமைந்தது எனலாம். இச்சோதனையை வேறொரு துண்டில் செய்வது நன்று.

பசையால் ஒட்டுதல்: கருவி இல்லாத இடத்தில் பிவிசி பாய்க்கு அதற்குரிய கரைப்பான் பசை உதவும். இதே பசை பாலித்தீனில் பிடிக்காது. பாலித்தீனின் மேற்பரப்பு ஆற்றல் குறைவு ஆதலால், பெரும்பாலான பசைகள் அதன்மீது பரவி ஒட்டுவதில்லை.

பாலித்தீன் பாயைப் பழுதுபார்ப்பது கடினம். மிகையாகச் சூடேற்றினால் நெய்த நாடாக்கள் சுருங்கி வலுவிழக்கும். தைத்தால் ஊசித்துளைகள் வரிசையாகக் கிழியக்கூடும். இருபுறமும் ஒட்டுநாடா இடுவது தற்காலிகத் தீர்வே. இப்பாயை மடித்து நகத்தால் அழுத்தும்போது வெடித்தால், அதற்கு ஒட்டுப் போடுவதில் பயனில்லை.

பாதுகாப்பு

சரக்கின்மீது ஏறி நின்று பாயைத் தைப்பதும் ஒட்டுவதும் ஆபத்தானவை. கால் வழுக்கி விழுதல் ஒருபுறமிருக்க, மேலே செல்லும் மின்கம்பியும் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும். பாயைத் தரையில் இறக்கியே வேலை செய்தல் வேண்டும். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வளி வெளிப்பட்டுக் கண்ணையும் மூச்சுக்குழலையும் தாக்கும். கரைப்பான் பசைகள் எளிதில் தீப்பற்றும். ஆகையால் காற்றோட்டமான இடமே ஏற்றது. வெப்பக்காற்றுக் கருவியின் அருகே பசையை வைத்தல் கூடாது.

சட்டமும் சுற்றுச்சூழலும்

காற்றில் துகள்களின் அளவு வரம்பை மீறும் நகரங்களில், கட்டுமானப் பொருட்களையும் கழிவுகளையும் மூடாமல் வண்டிகளில் கொண்டு செல்வதை 2018 சனவரியில் நடுவண் அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் விதித்திருத்தம் தடை செய்கிறது. மணல், ஜல்லி ஏற்றும் லாரிகளில் பாய் கிழிந்திருந்தால் பின்வரும் வண்டி ஓட்டுநர்களின் கண்ணில் தூசி விழும்.

லாரிக்கு உதவாத பாய்கள் நெல் உலர்த்தவும், குடிசைக் கூரையை மூடவும் மறுபயன் பெறுகின்றன. பாலித்தீன் பாயை உருக்கி மறுசுழற்சி செய்யலாம். பிவிசி பாயில் பூச்சையும் இழையையும் பிரிப்பது கடினம் என்பதால் அதன் மறுசுழற்சி எளிதன்று. அதைத் திறந்த வெளியில் எரித்தால் டையாக்சின் எனும் நச்சுப்பொருட்கள் உண்டாகும்.