கைத்தொழில் வாங்கித் தந்த கடற்கரை

ஒரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தை அடைந்து, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் ஈஞ்சம்பாக்கம் வரும். கார் ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்கூடங்களில் பணிபுரியும் நண்பர்கள் சிலருடன் ஒரு ஞாயிறன்று அவ்வழியே சென்றிருந்தேன். காலையில் கடலோர நடை, வெயில் ஏறியதும் சோழமண்டல ஓவியர் கிராமம் என்பது திட்டம். 'ஷிப்டுக்குப் போகிறவனுக்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று நண்பர் ஒருவர் ஈரமணலில் நடந்தபடியே கேட்டார். அவர் பற்றவைப்புப் பிரிவில் இருப்பவர். அவருக்கான விடை அந்தக் கிராமத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, நெடுங்காலம் தொழிற்கலைப் பள்ளி என்றே வழங்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் முயற்சியை அங்குதான் தொடங்கினார். பட்டறையும் ஓவியக்கூடமும் ஒரே வளாகத்தில் இருந்த காலம் அது.

குடும்பச் சுமையால் படிப்பைவிட்டுத் தந்தித் துறையில் பணியாற்றிய கே.சி.எஸ். பணிக்கர், 1936இல் அப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1957இல் அதன் முதல்வரானார். ஆண்டுதோறும் திறமைமிக்க இளைஞர்கள் படித்து வெளியேறினர். ஆனால் படம் வாங்குவோர் அன்றைய சென்னையில் மிகச் சிலரே. பிழைப்புக்காக வேறு வேலைக்குச் சென்றவர்கள் தூரிகையை மறந்தனர். பணிக்கரை வருத்தியது இதுவே.

அவர் கண்ட வழி எளிமையானது. மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிப் பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அந்த வருவாயைக் கொண்டு 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் மணல்மேட்டு நிலத்தை வாங்கினர். கைத்தொழில் சோறு போடும். மீதி நேரம் ஓவியத்துக்கு. எவருடைய தயவுமின்றி ஓவியன் ஓவியனாகவே வாழலாம் என்பதே அதன் உட்பொருள். பாய்மரக் கப்பல்களின் காலத்திலிருந்து ஐரோப்பியர் நாவில் 'கோரமண்டல்' எனத் திரிந்த பெயரை அவர்கள் சோழமண்டலம் என்றே மீட்டுக்கொண்டனர்.

ஜே. சுல்தான் அலி, கே. ராமானுஜம், எஸ். நந்தகோபால் போன்றோர் இங்கு வாழ்ந்தவர்கள். கனவு நகரங்களைக் கோடுகளால் எழுப்பிய ராமானுஜம் 1973இல் இளம் வயதிலேயே மறைந்தார், பணிக்கர் 1977இல். ஓவியனுக்கு வீடு கிடைத்தது என்பதாலேயே அவன் துயரங்கள் தீர்ந்துவிடவில்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்லத்தான் வேண்டும். எனினும் கிராமம் நிலைத்தது. சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளுக்கான அருங்காட்சியகம் 2009இல் இங்கேயே திறக்கப்பட்டது.

அங்கே நந்தகோபாலின் உலோகச் சிற்பத்தின் முன் நம் நண்பர் நெடுநேரம் நின்றார். செம்பும் பித்தளையும் சேருமிடத்தைக் குனிந்து பார்த்தார். 'பற்றவைத்த தடம் தெரிகிறது. மறைக்கவில்லை' என்றார். காலையில் கேட்ட கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை.