வேங்கட எல்லையில் ஒரு பாட்டியின் குடும்பம்

தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் வரையறுத்தது. அவ்வெல்லையைப் புலவர்கள் பாடினர். தலைவர்கள் அதற்காகச் சிறை சென்றனர். நடுவர்கள் வரைபடம் விரித்துக் கோடு கிழித்தனர். அந்தக் கோட்டின் இருபுறத்திலும் உலை வைத்து, பிள்ளை பெற்று, பேரன் பேத்திகளை வளர்த்த பெண்களின் வாழ்க்கை மட்டும் பெரிதும் எழுதப்படாமலே போயிற்று. சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தமிழ்ப் பாட்டிமாரின் இன்ப துன்பங்களை நாட்டு வரலாற்றோடு சேர்த்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று பிறந்தது. அதற்குமுன் சித்தூர் நகரமே வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கிற்று. வடஆர்க்காட்டின் சில வட்டங்களையும், கடப்பையைச் சேர்ந்த மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களையும், காளத்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர் ஆகிய ஜமீன் பகுதிகளையும் இணைத்துப் புதிய மாவட்டம் அமைத்தனர். திருத்தணியும் அதற்குள் அடங்கியது. அவ்வாண்டில் திருத்தணியில் பிறந்து சித்தூரில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணை நாம் மனத்தில் உருவாக்கிக் கொள்வோம். அவளுக்குப் பெயர் வேண்டியதில்லை. அவ்வட்டாரத்துப் பாட்டிமார் பலருக்கும் அவள் பொதுவானவள். அவளுடைய வயதை அளவுகோலாகக் கொண்டு காலத்தை அளந்து பார்ப்போம்.

பெண்ணுக்குப் பதினான்கு வயது நிரம்புமுன் மணம் செய்தலாகாது என்னும் சாரதா சட்டம் 1929இல் இயற்றப்பட்டு, 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நம் பாட்டிக்கு அப்போது வயது பத்தொன்பது. அவள் காலத்து வழக்கப்படி மணமாகிச் சில ஆண்டுகள் கழிந்திருக்கும்; இடுப்பில் ஒரு குழந்தையும் இருந்திருக்கும். சட்டம் அவளைக் காக்கவில்லை. அவள் மகளைக் காத்தது.

புகுந்த வீட்டின் அண்டை வீடுகளிலெல்லாம் தெலுங்கு பேசினர். அவள் கேழ்வரகுக் களி என்று கிளறியதை அடுத்த வீட்டார் ராகி சங்கட்டி என்றனர். தொட்டுக்கொள்ள இருவர் வீட்டிலும் வேர்க்கடலைத் துவையல்தான். பேரப்பிள்ளைகள் அவளை ‘அவ்வா’ என்று அழைத்தனர். தெலுங்குச் சொல்லென்று தோன்றும் அது, தமிழில் மூதாட்டியைக் குறிக்கும் ‘அவ்வை’க்கு உடன்பிறப்பு. தாய்மாமனுக்குப் பெண் கொடுக்கும் வழக்கமும் இரு மொழியார்க்கும் பொது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்துக் கூத்து நடத்துவதும், கங்கையம்மன் சாத்திரையில் ஆடவர் வேடம் புனைந்து வருவதும், எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்கு ஓடுவதும் அப்படியே. மொழி இரண்டாயினும் வாழ்முறை ஒன்றாகவே இருந்தது.

இல்லறத்தின் ஏற்றத்தாழ்வுகள் பலவற்றுக்கு வீட்டுக்கு வெளியே காரணம் இருந்தது. இராஜாஜியின் அமைச்சரவை 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, 1938இல் அதைச் சித்தூருக்கும் கடப்பைக்கும் விரிவாக்கிற்று. கூலிக்காசு கள்ளுக்கடையைத் தாண்டி வீடு வந்து சேர்ந்த குடும்பங்களில் அது நல்ல காலம். பின்னர் உலகப்போர் மூண்டது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. மதுவிலக்கையும் போர்க்காலத்தில் அரசினர் நிறுத்தி வைத்தனர். ஒரே சமயத்தில் அரிசி குறைந்து கள் திரும்பிய வீட்டில், படியரிசியை எத்தனை வாய்க்குப் பகிர்வது என்னும் கணக்கு அவள் தலையில் விழுந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது அவளுக்கு வயது முப்பத்தேழு.

துன்பம் வந்தபோதெல்லாம் அவள் மலையை நோக்கிக் கும்பிட்டாள். 1944இல் மலைப்பாதை அமைந்து வண்டி ஏறும்வரை, அலிபிரியிலிருந்து படியேறியே திருமலை செல்ல வேண்டும். நடக்க இயலாதவர் டோலியில் சென்றனர். அந்த மலையில் அவளுக்கு அந்நியமானது ஒன்றுமில்லை. கோயிற் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். பல்லவர் குலத்துச் சாமவை என்னும் பெருமாட்டி வெள்ளித் திருமேனி செய்தளித்த செய்தியைத் தமிழ்க் கல்வெட்டே கூறுகிறது. மார்கழியில் சுப்ரபாதத்துக்கு ஈடாகத் திருப்பாவை ஓதும் மரபு இன்றும் உண்டு. இராமாநுசர் தம் தாய்மாமனாகிய திருமலை நம்பியிடம் இராமாயணப் பொருள் கேட்டதும் அம்மலையடிவாரத்தில்தான்.

ஆயினும் பாட்டிமார் மனத்தில் நின்றது அனந்தாழ்வான் மனைவியின் கதையே. ஏரி வெட்டும் கணவருக்கு உதவியாக, நிறைசூலியான அவள் கூடை கூடையாக மண் சுமந்தாளாம். பெருமாளே சிறுவனாக வந்து கூடையை வாங்கிச் சுமந்தார் என்பது ஐதிகம். வயிற்றில் பிள்ளையோடு குடம் சுமந்த ஒவ்வொரு பெண்ணும் அக்கதையில் தன்னைக் கண்டிருப்பாள்.

1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றிற்று. சித்தூர் மாவட்டம் திருத்தணியுடன் அதில் சேர்ந்தது. ம.பொ.சிவஞானமும், திருத்தணிப் பகுதியில் மங்கலங்கிழாரும் வட எல்லைப் போராட்டத்தை முன்னின்று நடத்தினர். படாஸ்கர் அளித்த தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. இதனைத் தமிழர் பாதி வெற்றி என்றனர். நம் பாட்டிக்கோ, ஒரே மாவட்டத்துக்குள் இருந்த பிறந்த வீடும் புகுந்த வீடும் நாற்பத்தொன்பதாம் வயதில் இரு மாநிலங்களாயின. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு அண்ணன் வீடு செல்ல அவள் மாநில எல்லையைக் கடக்க வேண்டியதாயிற்று.

பேருந்து எல்லையைக் கடந்தது, எழுத்து கடக்கவில்லை. ஆந்திரத்தில் 1966இல் தெலுங்கு ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. வேலைக்கு வழி தெலுங்கு என்றானபின் பேரன் தெலுங்குப் பள்ளிக்குச் சென்றதில் வியப்பில்லை. அதில் எவர்மீதும் குற்றமில்லை. வீட்டில் அவன் பேசியது தமிழே. ஆனால் திருத்தணியிலிருந்து வந்த அஞ்சலட்டையை அவனால் படிக்க இயலவில்லை. படிப்பறியாத பாட்டிக்கு மகன் படித்துக் காட்டினான். மகனுக்குப்பின் படித்துக் காட்ட எவருமில்லை. ஒரு மொழி ஒரு குடும்பத்திலிருந்து விடைபெறுவது இவ்வாறுதான்: நாவில் இருக்கும்போதே கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

எல்லை சொத்துரிமையையும் பிரித்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் உடைமையை அவளுக்கே முழு உரிமையாக்கிற்று. குடும்பப் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கொத்த பிறப்புரிமையை ஆந்திரம் 1985 செப்டம்பர் முதலே வழங்கியது. தமிழ்நாடு 1989இல் வழங்கியது. இரு மாநிலங்களிலும் அந்நாளுக்குமுன் மணமான மகளிர்க்கு அவ்வுரிமை கிட்டவில்லை. இடைப்பட்ட 1987இல் அண்ணன் பேத்தி திருத்தணியிலும் தன் பேத்தி சித்தூரிலும் மாலை சூடியிருந்தால், சித்தூர்ப் பெண்ணுக்குப் பங்கு உண்டு; திருத்தணிப் பெண்ணுக்கு இல்லை. ஒரே குடியில் பிறந்த இரு பெண்களின் பங்கைக் கோடு கிழித்த இடம் முடிவு செய்தது. 2005இல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தபிறகே அவ்வேறுபாடு நீங்கிற்று.

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1911இல் வரைந்த வரைபடம் மீண்டும் மாறியது. சித்தூரிலும் நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. வரைபடம் மாறிய ஒவ்வொரு முறையும், உறவு அறுந்துபோகாமல் சீர்வரிசையோடும் சாவுச் செய்தியோடும் இரு பக்கமும் நடந்து சேர்த்து வைத்தவர்கள் அக்குடும்பங்களின் பாட்டிமாரே.

தாய்நாட்டை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு இவ்வரலாறு பிறர் கதையன்று. பாட்டி பேசும் தமிழைக் கேட்டு விளங்கிக்கொண்டு, அவள் எழுதும் தமிழைப் படிக்கவியலாத பேரன் பேத்திகள் நம் இல்லங்களிலும் வளர்கின்றனர். சித்தூர்ப் பேரனுக்கு நேர்ந்தது நம் பிள்ளைகளுக்கும் நேரும். அவனைச் சூழவேனும் தமிழோசை இருந்தது, இங்கு அதுவுமில்லை. ஆகவே, இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள் ஒன்று செய்யலாம். வீட்டுப் பெரியவள் எவ்வூரில் பிறந்தாள், எவ்வயதில் மணந்தாள், எந்தப் பஞ்சத்தில் எதைச் சமைத்தாள் என்பதைக் கேட்டு, பேத்தியின் கையாலேயே தமிழில் எழுதச் செய்யுங்கள். பிழைகள் மலியும், பாட்டி திருத்துவாள். ஆனால் அவள் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.